மாத்திரை போட்டும் இறங்காத கொலஸ்ட்ரால்: காவேரிப்பட்டணம் சகோதரிக்கு ஒரு மருத்துவரின் பதில்

காவேரிப்பட்டணத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து 44 வயதுச் சகோதரி ஒருவர் நான்கு பக்கங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் இன்னார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன். அங்கன்வாடியில் வேலை பார்க்கிறார். ஒல்லியான உடல், சர்க்கரையும் இல்லை, ரத்த அழுத்தமும் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருடைய அண்ணனுக்கு 45 வயதில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தபோது, உடன்பிறந்தவர்களும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அப்போது இவருக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 342, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 268, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். 48, டிரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பு 130 என்று வந்தது. தந்தை 47 வயதில், மாந்தோப்பில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்தபடி விழுந்தவர், எழவே இல்லை.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டேட்டின் மாத்திரை 20 மில்லிகிராம் தொடங்கியபின் எல்.டி.எல். 182-க்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. 40-க்கு ஏற்றச் சொன்னதும் கெண்டைக்கால் வலிக்குப் பயந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் 20-ஐயே போட்டு வருகிறார். எண்ணெயையும் முட்டையையும் விட்டு, இரண்டு வேளை களி தின்றும் எண் இறங்கவில்லை. பூண்டுக் கஷாயமும், ஊரில் ஒருவர் பொட்டலம் கட்டிக் கொடுத்த சூரணமும் எடுத்துப் பார்த்திருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி ஒன்று இருப்பதாகவும், ஒரு ஊசியே லட்சத்துக்கு மேல் ஆகும் என்று மருந்துக்கடையில் சொன்னதாகவும், நகையை அடகு வைத்தாவது அதைப் போட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார். 20 வயது மகளை அண்ணன் மகனுக்குக் கொடுக்க வீட்டில் பேச்சு நடக்கிறது என்பதைக் கடைசிப் பக்கத்தில், போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். கடிதத்திலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த வரிதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

"நான் என்ன தப்பாகச் சாப்பிட்டேன்?" என்று ஒரே கடிதத்தில் மூன்று இடங்களில் கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள். மருந்து தொடங்கும் முன்பே எல்.டி.எல். 190-ஐத் தாண்டியிருப்பது, தந்தைக்கு 47 வயதில் மரணம், அண்ணனுக்கு 45 வயதில் மாரடைப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், இது பரம்பரையாக வரும் உயர் கொலஸ்ட்ரால் என்றே ஒரு மருத்துவர் முதலில் சந்தேகிக்க வேண்டும். சுமார் 250 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. ஒல்லியாக இருப்பவருக்கும், மாமிசமே தொடாதவருக்கும் இது வரும்.

அண்ணனின் கண்ணிமையில் மஞ்சள் திட்டு இருப்பதாகவும், உங்களுக்குக் குதிகாலின் பின்பக்கம் தடித்திருப்பதால் செருப்பின் வார் உரசுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இப்படிப்பட்டவர்கள் என்னிடம் வந்தால், முழங்காலிட்டு நிற்கச் சொல்லிவிட்டுக் கெண்டைத் தசையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்துப் பார்ப்பேன். வழக்கமாக அது தட்டையாக, வார்போல இருக்கும். இந்த நோய் உள்ளவர்களுக்குக் கொழுப்பு படிந்து, கயிற்றில் முடிச்சு விழுந்ததுபோலத் தடித்துக் கையில் படும். உங்கள் மருத்துவரிடம் அந்த இடத்தைக் காட்டுங்கள். அது கையில் பட்டுவிட்டால் நோயை ஏறக்குறைய உறுதி செய்துவிடலாம். செலவு பிடிக்கும் மரபணுப் பரிசோதனை இல்லாமலே சிகிச்சையைத் தொடங்கலாம்.

உடலுக்குள் நடப்பதை நம் மாவட்டத்து உதாரணத்தால் சொல்கிறேன். சீசனில் மாம்பழக்கூழ் ஆலை வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். துகள்கள்தான் அந்த வண்டிகள். அவற்றை உள்ளே இழுத்து இறக்கிக்கொள்ளும் ஆலை, கல்லீரல். கல்லீரலின் மேற்பரப்பில் இதற்கென உள்ள வாசல்களைக் கண்டறிந்து விளக்கியதற்காக பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற இருவருக்கு 1985-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. உங்களுக்கு அந்த வாசல்களில் ஏறக்குறைய பாதி, பிறந்ததிலிருந்தே வேலை செய்வதில்லை. வண்டிகள் சாலையிலேயே சுற்றிச் சுற்றி, கடைசியில் இதயத்தின் ரத்தக்குழாய்ச் சுவரில் சரக்கை இறக்கிவிட்டுப் போகின்றன. உணவைக் குறைத்தால் வரும் வண்டிகள் கொஞ்சம் குறையும். மூடிய வாசல் திறக்காது.

ஆகவே களியை விட வேண்டாம், ஆனால் களியை மருந்தாக நம்பவும் வேண்டாம். இந்த நோயில் நல்ல உணவுக் கட்டுப்பாட்டினால் எல்.டி.எல். பத்து சதவீதம் அளவுக்கு இறங்கினாலே பெரிது. எண்ணெயை அடியோடு விடுவதைவிட, எந்த எண்ணெய் என்று பார்ப்பது பயன் தரும். ரேஷனில் வரும் பாமாயிலில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் அது சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். அளவாகக் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ ஊற்றித் தாளித்துச் சாப்பிடுங்கள். பொட்டலச் சூரணத்தை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்பது கொடுத்தவருக்கே தெரியாமல் இருக்கலாம். அதனால் கல்லீரல் கெட்டாலும் பழி மாத்திரையின் மேல் விழும்.

மருந்தை ஏற்றும் முன் பார்க்க வேண்டியவை

கொலஸ்ட்ரால் இறங்காததற்கு வேறு காரணமும் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். தைராய்டு குறைவு, சிறுநீரில் புரதம் போவது, பித்த ஓட்டத்தை அடைக்கும் கல்லீரல் நோய் ஆகியவை எல்.டி.எல்.-ஐத் தூக்கி நிறுத்தும். உங்களுக்குத் தைராய்டு பரிசோதனை மிகவும் முக்கியம். தைராய்டு குறைந்தால் கொலஸ்ட்ராலும் ஏறும், தசையும் வலிக்கும், இரண்டுக்கும் மாத்திரை திட்டு வாங்கும். ரத்தத்தில் லிப்போபுரோட்டீன் ஏ என்ற கொழுப்புத் துகளின் அளவை வாழ்நாளில் ஒருமுறை பார்த்துவைப்பதும் நல்லது. அதுவும் பரம்பரையாக வருவதுதான். அது கூடியிருந்தால் ஆபத்தும் கூடும்.

"பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்வரை அட்டாக் வராது என்று சொல்கிறார்களே" என்று எழுதியிருக்கிறீர்கள். பொதுவாகப் பெண்களுக்கு மாரடைப்பு சில ஆண்டுகள் தள்ளி வருகிறது என்பது உண்மைதான். ஆனால் இந்தப் பரம்பரை நோய்க்குச் சிகிச்சை எடுக்காமல் விட்டால், ஆண்களில் சுமார் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள்ளும், பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு 60 வயதுக்குள்ளும் இதயக் குழாய் நோய் வந்துவிடுகிறது. அதனால் இ.சி.ஜி., எக்கோ, தேவையென்றால் டிரெட்மில் பரிசோதனை ஆகியவற்றை இப்போதே செய்து, இன்றைய நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் எல்.டி.எல். 70-க்குக் கீழே இருக்க வேண்டும். குழாயில் அடைப்பு இருப்பது தெரிந்தால் 55-க்குக் கீழே.

கெண்டைக்கால் வலி

உங்கள் வலியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அட்டோர்வாஸ்டேட்டின் போன்ற ஸ்டேட்டின் வகை மாத்திரையால் சிலருக்குத் தசைவலி வருவது உண்மை. அது பெரும்பாலும் இரண்டு காலிலும், தொடையிலோ கெண்டையிலோ, மாத்திரை தொடங்கிய சில வாரங்களுக்குள் வரும். நடந்தால் இழுத்துப் பிடித்து, நின்றால் விட்டுவிடும் வலியாக இருந்தால் கதையே வேறு. அது கால் ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பதன் அறிகுறியாக இருக்கலாம், அதற்கு மாத்திரை இன்னும் அவசியமாகிறது. நம் பகுதிக்கே உரிய இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது. பல ஆண்டுகள் போர் தண்ணீரையே குடித்தவர்களுக்குப் பல்லில் காவிக்கறையும், இடுப்பிலும் மூட்டுகளிலும் விறைப்பும் வலியும் இருக்கும். அந்த வலியையும் மாத்திரையின் கணக்கில் எழுதுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

2020-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டேட்டினை நிறுத்திய 60 பேருக்கு, சில மாதங்கள் உண்மையான மாத்திரையும், சில மாதங்கள் மருந்தில்லாத வெற்று மாத்திரையும், சில மாதங்கள் எதுவுமில்லாத காலிப் புட்டியும் கொடுத்து, நாள்தோறும் தொந்தரவின் அளவைக் குறித்துவரச் சொன்னார்கள். ஸ்டேட்டின் மாதங்களில் வந்த தொந்தரவில் பத்தில் ஒன்பது பங்கு, வெற்று மாத்திரை மாதங்களிலும் வந்தது. அந்த வலி கற்பனை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. அவர்கள் பட்டது உண்மையான வலி. அதை உண்டாக்கியது பெரும்பாலும் மருந்துச்சரக்கு இல்லை, மாத்திரை போடுகிறோம் என்ற அச்சமும் எதிர்பார்ப்பும்தான் என்பதே அந்த ஆய்வு காட்டியது.

உங்களுக்கு நான் சொல்லும் வழி இது. சி.கே. என்ற தசை நொதியையும் தைராய்டையும் பாருங்கள். சி.கே. மிக அதிகமாக இல்லையென்றால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாத்திரையை மூன்று வாரம் நிறுத்தி, வலி போகிறதா என்று குறித்துவையுங்கள். போகவில்லையென்றால் மாத்திரை குற்றவாளி இல்லை. போனால், ரோசுவாஸ்டேட்டின் 5 மில்லிகிராமில் புதிதாகத் தொடங்கி மெல்ல ஏற்றலாம். ஒரு ஸ்டேட்டின் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்கிறது. சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனாலோ, உட்கார்ந்து எழ முடியாத அளவுக்குத் தசை சோர்ந்தாலோ மட்டும், அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். "கிட்னி போய்விடும்" என்ற பயத்துக்கு வழக்கமான அளவுகளில் ஆதாரம் இல்லை. மாத்திரை தொடங்கும்போது ஒருமுறையும் பிறகு மருத்துவர் சொல்லும்போதும் கல்லீரல் நொதியைப் பார்த்தால் போதும். இரத்தச் சர்க்கரை சற்றே ஏறும் வாய்ப்பு உண்டு என்பதை மறைக்க மாட்டேன். ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரையைப் பாருங்கள். உங்கள் நிலையில் கிடைக்கும் நன்மை அதைவிடப் பல மடங்கு பெரிது.

மாற்றிப் போடுவது எதற்கு, சேர்த்துப் போடுங்கள்

20-இல் இறங்கவில்லை, ஆகவே இந்த மருந்து எனக்கு வேலை செய்யவில்லை என்ற முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். அது தவறு. 268-லிருந்து 182-க்கு வந்தது அந்த மாத்திரையால்தான். ஒரு ஸ்டேட்டினின் அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாக ஆறு சதவீதம்தான் இறங்கும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த கணக்கு. அதனால் ஒரே மருந்தை ஏற்றிக்கொண்டே போவதைவிட, வேறு வேலை செய்யும் இரண்டாவது மருந்தைச் சேர்ப்பதே பெரும்பாலும் சரியான வழி.

உங்கள் எண்ணை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சக்தி வாய்ந்த ஸ்டேட்டின், அதாவது அட்டோர்வாஸ்டேட்டின் 40 முதல் 80 அல்லது ரோசுவாஸ்டேட்டின் 20, தினமும் தவறாமல் போட்டால் எல்.டி.எல். சுமார் பாதியாகும்: 268, 134-க்கு வரும். (ரோசுவாஸ்டேட்டின் ஆசியர்களின் ரத்தத்தில் கூடுதலாகத் தங்குவதால், 40-க்கு ஏற்றுவதில் நாங்கள் அவசரப்படுவதில்லை.) கல்லீரல் தானே கொலஸ்ட்ரால் தயாரிப்பதை ஸ்டேட்டின் குறைக்கிறது, சரக்குக் குறைந்த கல்லீரல், மீதமுள்ள வாசல்களைக் கூடுதலாகத் திறந்து ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. இதனுடன் எசெட்டிமைப் 10 மில்லிகிராம் சேர்த்தால் குடலிலிருந்து கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவது தடுக்கப்பட்டு, மேலும் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக இறங்கி 105-ஐ ஒட்டி வரும். எசெட்டிமைப் பழைய மருந்து, பெரிய தொந்தரவு இல்லாதது, தினம் ஒரு மாத்திரை. உங்களுக்கு உடனே சேர்க்க வேண்டியது இதுதான் என்பது என் கருத்து. எல்.டி.எல். ஏறக்குறைய 40 புள்ளி இறங்கும் ஒவ்வொரு படிக்கும் மாரடைப்பு, பக்கவாத ஆபத்து சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது; 182-லிருந்து 105 என்பது அப்படி இரண்டு படி.

மூன்றாவதாக பெம்பெடோயிக் அமிலம் இருக்கிறது. கல்லீரலுக்குள் போனபிறகுதான் அது வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுகிறது, தசையில் அப்படி மாறுவதில்லை. ஆகவே ஸ்டேட்டின் உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நல்ல துணை. 2023-இல் வெளியான பெரிய ஆய்வில், ஸ்டேட்டின் தாங்க முடியாதவர்களிடம் இது இதய நோய் நிகழ்வுகளைக் குறைத்தது நிரூபணமாயிற்று. யூரிக் அமிலம் ஏறும் என்பதால், கீல்வாதம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். உங்கள் கணக்கில் இது 85 முதல் 90 வரை கொண்டுவரலாம்.

அடுத்து ஊசி. கல்லீரலின் வாசல்களை உடைத்துப் போடும் பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம் ஒன்று நம் உடலிலேயே இருக்கிறது. எவலோகுமாப், அலிரோகுமாப் ஆகிய இரண்டும் அந்தப் புரதத்தைப் பிடித்துக் கட்டிவிடும் ஊசிகள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இன்சுலின்போலத் தோலுக்கடியில் நாமே போட்டுக்கொள்ளலாம். மீதமிருக்கும் எல்.டி.எல்.-இல் சுமார் 60 சதவீதம் இறங்கும். நீங்கள் கேள்விப்பட்ட ஆறு மாத ஊசியின் பெயர் இன்கிளிசிரான். அந்தப் புரதம் உருவாவதையே அது தடுக்கிறது; முதல் ஊசி, மூன்று மாதத்தில் அடுத்தது, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று, இறக்கம் சுமார் பாதி. இரு வார ஊசிகள் மாரடைப்பைக் குறைக்கின்றன என்பது 2017, 2018 ஆண்டுகளில் வெளியான பெரிய ஆய்வுகளிலேயே தெரிந்துவிட்டது. இன்கிளிசிரானுக்கு அத்தகைய ஆய்வுகள் பின்னர் தொடங்கப்பட்டவை.

நகையை இப்போது அடகு வைக்க வேண்டாம். இந்த ஊசியை ஒருமுறை போட்டு முடித்துவிட முடியாது. நிறுத்தினால் எண் மறுபடி பழைய இடத்துக்கே ஏறிவிடும். ஒரு தவணை கட்டி மறு தவணைக்குத் திணறுவதைவிட, மாத்திரை இரண்டையும் ஓராண்டு விடாமல் போடுவது உங்களைக் கூடுதலாகக் காப்பாற்றும். இரண்டு மாத்திரைகளைத் தினமும் போட்டும் எல்.டி.எல். 100-க்கு மேலேயே நின்றால், அல்லது இதயப் பரிசோதனையில் அடைப்பு தெரிந்தால், அப்போது ஊசியைப் பற்றி இதய மருத்துவரிடம் தீவிரமாகப் பேசலாம். உங்களைவிட அவசரம் உங்கள் அண்ணனுக்குத்தான். ஸ்டென்ட் வைத்தவர் அவர். அவருடைய இன்றைய எல்.டி.எல். என்னவென்று கடிதத்தில் இல்லை. இந்த வாரமே கேளுங்கள்.

மருந்துக்கு ஒவ்வொரு மாதமும் செலவழிக்க வேண்டியிருப்பதும் எனக்குத் தெரியும். அட்டோர்வாஸ்டேட்டின் அரசு மருத்துவமனைகளில் கிடைக்கிறது. வீடு தேடி வந்து மருந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. வீட்டுக்கு வரும் பணியாளரிடம் உங்கள் மருந்தையும் சொல்லிவையுங்கள். எசெட்டிமைப் வெளியில் வாங்க வேண்டியிருந்தால், மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ முதலில் விசாரியுங்கள். மருந்தை மாற்றிய ஆறிலிருந்து எட்டு வாரங்களுக்குள் மறுபடி ரத்தம் கொடுங்கள். மாத்திரையைக் காலையோ இரவோ, மறக்காத ஒரு நேரத்தில் போடுங்கள். அட்டோர்வாஸ்டேட்டினுக்கும் ரோசுவாஸ்டேட்டினுக்கும் நேரம் முக்கியமில்லை.

பிள்ளைகளும் அந்தத் திருமணப் பேச்சும்

உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இது இருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. 14 வயது மகனுக்கும் 20 வயது மகளுக்கும் லிப்பிட் பரிசோதனை, அதாவது ரத்தக் கொழுப்புப் பரிசோதனை செய்யுங்கள்; வெறும் வயிறு கட்டாயமில்லை. பத்து வயதை ஒட்டியே மாத்திரை தொடங்கலாம் என்பதுதான் இன்றைய மருத்துவ வழக்கம். சின்னப் பிள்ளைக்கு மாத்திரையா என்று வீட்டில் தயங்குவார்கள். நெதர்லாந்தில் இப்படிச் சிறுவயதிலேயே தொடங்கியவர்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2019-இல் வெளியிட்டார்கள். 39 வயதுக்குள் இதய நோய் வந்தது அவர்களில் ஒரு சதவீதம் பேருக்குத்தான். அதே நோயுள்ள, அந்தக் காலத்தில் சிறுவயது சிகிச்சை கிடைக்காத அவர்களுடைய பெற்றோரில் 26 சதவீதம் பேருக்கு.

இப்போது மகளின் திருமணம். நீங்கள் அந்நியத்தில் வாழ்க்கைப்பட்டவர், ஆகவே உங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் பக்கத்திலிருந்து மட்டுமே இது வரக்கூடும். அண்ணன் மகனுக்கும் அதே பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. இருவரில் ஒருவருக்கு மட்டும் இருந்தால், பிறக்கும் பிள்ளைக்கு உங்களுடையதைப் போன்ற, மருந்தால் கட்டுப்படுத்தக்கூடிய நோய் வர பாதி வாய்ப்பு. இருவருக்குமே இல்லையென்றால் இந்த நோயைப் பொறுத்தவரை அச்சமே இல்லை. இருவருக்கும் இருந்தால்தான் ஆபத்து: நான்கில் ஒரு வாய்ப்பு, இரண்டு பக்கத்துக் குறையையும் சேர்த்து வாங்கிய குழந்தை பிறக்க. அந்தக் குழந்தைக்கு வாசல்களே ஏறக்குறைய இருக்காது. எல்.டி.எல். பெரும்பாலும் 400-க்கு மேல் போகும். முட்டியிலும் முழங்கையிலும் மஞ்சள் கட்டிகள் வரும். பள்ளி வயதிலேயே மாரடைப்பு வரலாம். வாசல்களை நம்பி வேலை செய்யும் மருந்துகள் அங்கே சரிவரப் பலிப்பதில்லை. சிலருக்கு டயாலிசிஸ்போல ரத்தத்தை வெளியே எடுத்து எல்.டி.எல்.-ஐ அரித்தெடுக்க வேண்டியிருக்கும்.

யாருக்கு யாரைக் கொடுப்பது என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு, முதலில் அந்தப் பெண்ணின் முடிவு. அதில் தலையிட எனக்கு உரிமையில்லை. பரிசம் போடும் முன்பே இருவருக்கும் லிப்பிட் பரிசோதனை செய்துவிடுங்கள் என்பது மட்டும்தான் என் வேண்டுகோள். இருவருக்கும் எல்.டி.எல். கூடியிருந்தால், அந்தத் தாள்களோடு பிள்ளைகள் இருவரையும் ஒரு மருத்துவரிடமோ மரபியல் ஆலோசகரிடமோ அழைத்துச் சென்று, நான்கில் ஒன்று என்றால் என்ன என்பதை அவர்கள் காதாலேயே கேட்கச் செய்யுங்கள். மகளுக்கு நோய் இருந்து மாத்திரை தொடங்கினால், யாரை மணந்தாலும் கர்ப்பத்துக்குத் திட்டமிடும் முன் மருத்துவரிடம் சொல்லி ஸ்டேட்டினை நிறுத்த வேண்டும் என்பதையும் இப்போதே அவளிடம் சொல்லிவையுங்கள். இதையெல்லாம் அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள் என்று எனக்குத் தெரியும். "பொண்ணு பையன் ஜாதகத்தோடு ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடலாம், அப்பாவுக்கும் அண்ணனுக்கும் வந்தது பிள்ளைகளுக்கு வரக்கூடாது" என்று ஆரம்பியுங்கள். அண்ணனின் ஸ்டென்ட் ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் பரிசோதனைத் தாளையும் அதன் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.